ரயிலிலிருந்து இறங்கிய குமாஸ்தா

"ஒண்ணுமே நடக்கல சார். கப்பல் ஏறப் போறா, ஏறல. அவ்வளவுதான் கதை. இதுல என்ன இருக்குன்னு நாலு பக்கம் எழுதச் சொல்றாங்க."

காஞ்சிபுரம் ஓரிக்கை பஸ் டிப்போ பக்கத்து டீக்கடையில், எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிற தம்பி ஒருவன் என்னிடம் வைத்த புகார் இது. கையில் ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய 'ஈவ்லின்' கதையின் ஜெராக்ஸ் பிரதி. பக்கத்து பெஞ்சில் அவனுடைய அப்பா. தறிக்காரர். சொசைட்டியில் சேலையைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். மகன் படிக்கிற கதை என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசை அவருக்கும் இருந்தது. மூன்று டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். அன்று பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஐரிஷ் பெண்ணின் கதை. ஈவ்லினுக்குப் பத்தொன்பது வயது தாண்டியிருக்கிறது. அம்மா இல்லை. அப்பா குடிகாரர், முரடர். கடையில் வேலை பார்த்துச் சம்பளத்தை முழுசாக அப்பாவிடம் கொடுத்துவிட்டு, வீட்டுச் செலவுக்கு அவரிடமே கெஞ்சி வாங்க வேண்டிய நிலைமை. ஃபிராங்க் என்ற மாலுமி அவளைக் கல்யாணம் செய்துகொண்டு புவனோஸ் ஐரிஸுக்குக் கூட்டிப்போகக் காத்திருக்கிறான். கதையில் பெரும்பகுதி அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிப்பதுதான். கடைசியில் துறைமுகம். அவன் கூப்பிடுகிறான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். கதை முடிந்தது. 1904இல் பத்திரிகையில் வந்து, 1914இல் 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் சேர்ந்தது.

"ஏன் போகல?" என்றார் அப்பா.

ஜாய்ஸ் சொல்லவில்லை. பயமா, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கா, பழகிப்போன துன்பமே பரவாயில்லை என்ற எண்ணமா, எல்லாவற்றுக்கும் கதைக்குள் இடம் இருக்கிறது. எது என்று அடித்துச் சொல்லும் வரி மட்டும் கிடையாது. அந்த வரியை எழுதாமல் விட்டதுதான் அன்றைக்குப் புதுமை. அதற்கு முன்னால் பெரும்பாலான கதைகளில் ஒரு சம்பவம் நடக்கும், முடிச்சு விழும், அவிழும், வாசகன் எழுந்து போவான். ஜாய்ஸ், காதரின் மான்ஸ்ஃபீல்டு, வர்ஜீனியா உல்ஃப் மூவரும் ஆளுக்கொரு விதமாகச் செய்தது ஒன்றுதான். சம்பவத்தைச் சிறிதாக்கிவிட்டு, அது நடக்கிற மனசைப் பெரிதாக்கினார்கள். ரஷ்யாவில் செகாவ் இதற்கு ஏற்கனவே வழி போட்டிருந்தார்.

தம்பிக்கு இது வகுப்பில் சொன்ன மாதிரியே இருந்திருக்கும். முகத்தில் தெளிவு வரவில்லை. அதனால் ஜாய்ஸை மூடி வைத்துவிட்டு, நம் ஊர்க் கதை ஒன்றை எடுத்தேன். புதுமைப்பித்தன் எழுதிய 'மனித யந்திரம்'.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு கடைக் குமாஸ்தா. நாற்பத்தைந்து வருஷமாக அதே கடை, அதே பருப்பு, அதே எண்ணெய், அதே பேரேடு. அடுத்தவன் பணத்தை எண்ணி எண்ணியே விரல் தேய்ந்த ஆள். ஒருநாள் ராத்திரி கடையில் தனியாக இருக்கும்போது மனசில் ஒரு திட்டம் எழுகிறது. பணத்தை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு ரயில் ஏறினால், அங்கிருந்து கொழும்பு. பிறகு அவரும் முதலாளி. எடுத்தே விடுகிறார். ஸ்டேஷனுக்குப் போகிறார், டிக்கெட் வாங்குகிறார், வண்டியில் உட்கார்ந்தும் விடுகிறார். வண்டி கிளம்புமுன் இறங்கிவிடுகிறார். கடைக்குத் திரும்பி, பணத்தை இருந்த இடத்தில் வைத்து, செலவான சில்லறையைத் தன் பேரில் பற்று எழுதிவிட்டு, சாவியைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுக்கிறார்.

அப்பா சிரித்தார். "நம்ம கடைத்தெருவுல இப்படி ஆளுங்க இருக்காங்க சார். கோடி ரூபாய் சரக்கு கை மாறும். அவரு டீக்காசுக்குக் கணக்கு எழுதிட்டு இருப்பாரு."

அவருக்குக் கதை பிடிபட்டுவிட்டது. காந்தி ரோடு பட்டுக் கடைகளில் மூலைக்கு ஒரு மீனாட்சிசுந்தரம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். தம்பிக்கும் இப்போது ஈவ்லின் பிடிபட்டாள். கப்பலுக்குப் பதில் ரயில், புவனோஸ் ஐரிஸுக்குப் பதில் கொழும்பு. இரண்டு பேரும் புறப்படும் இடம் வரை போய்க் கிளம்பாமல் நின்றவர்கள். இதைச் சொல்வதால் அதைப் பார்த்து இவர் எழுதினார் என்று ஆகாது. இரண்டும் ஒரே வகையான அடைப்பிலிருந்து பிறந்த கதைகள். பிரிட்டிஷார் ஆண்ட இரண்டு தேசங்கள், மேலே போக வழியில்லாத நடுத்தர வர்க்கம், வெளியே போனால்தான் பிழைப்பு என்ற நினைப்பு, போக விடாத ஏதோ ஒன்று.

வித்தியாசமும் உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் புதுமைப்பித்தன் கைக்கு அகப்படமாட்டார். ஈவ்லின் உறைந்துபோகிறாள். நாம் உறைந்து பார்க்கிறோம். பிள்ளை திரும்பி வந்து பற்று எழுதும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகுதான் அடிவயிற்றில் என்னவோ செய்கிறது. திருடக்கூட முடியாத அளவுக்கு ஒரு மனிதனை வேலை தின்றுவிட்டது. நேர்மை என்று அதைப் பாராட்டுவதா, பழக்கம் என்று பரிதாபப்படுவதா? கதை இரண்டுக்கும் பிடிகொடுக்கவில்லை.

இனி வேலைப்பாட்டுக்கு வருவோம். இதைத் தறிக்காரருக்குச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. கோர்வைச் சேலை நெய்யும்போது மூன்று நாடா ஓடும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழை கோத்து வாங்க வேண்டும். அதற்குத்தான் பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆள். கோர்வை சரியாக விழுந்தால் நிறம் மாறும் இடம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், கையால் இழுத்தால் விட்டுப்போகாது. புதுமைப்பித்தனின் வாக்கியத்தில் கதைசொல்லியின் குரலும் பாத்திரத்தின் குரலும் சேர்வது அப்படித்தான்.

ஓர் உதாரணம் நானே கட்டிச் சொன்னேன். பழைய மாதிரி எழுதினால் இப்படி இருக்கும்: 'இந்தத் தீபாவளிக்கும் முதலாளி கூலி உயர்த்தித் தரமாட்டார் என்று அவன் வருத்தத்துடன் நினைத்துக்கொண்டான்.' இதில் கதைசொல்லி வெளியே நிற்கிறார், அவனுடைய மனசுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து நமக்கு அறிக்கை கொடுக்கிறார். இப்போது இப்படி எழுதிப் பாருங்கள்: 'தீபாவளி வந்தது. முதலாளியாவது, கூலி ஏத்துறதாவது! போன வருஷம் கொடுத்த அரைக் கிலோ மைசூர்பாகே இன்னும் கணக்கில் நிற்கிறது.' நினைத்தான் என்ற சொல் போய்விட்டது. வருத்தத்துடன் என்பதும் போய்விட்டது. முதல் வாக்கியம் கதைசொல்லியுடையது, இரண்டாவது நெசவாளியுடையது, மூன்றாவதில் இருவரும் சேர்ந்து முதலாளியைக் கிண்டல் செய்கிறார்கள். எங்கே ஒருவர் முடிந்து இன்னொருவர் ஆரம்பித்தார்? கோர்வை விழுந்த இடம் அது.

ஆங்கிலத்தில் மான்ஸ்ஃபீல்டு இந்த உத்தியில் பெரிய கைகாரி. நியூசிலாந்தில் 1888இல் பிறந்தவர். விருந்து நடத்தும் வீட்டுப் பெண்ணின் எண்ணத்தை அவளுடைய சொல்லிலேயே ஓடவிட்டு, அந்த எண்ணம் எவ்வளவு மேம்போக்கானது என்பதையும் அதே வரியில் காட்டிவிடுவார். 'தி கார்டன் பார்ட்டி' 1922இல் தொகுப்பாக வந்தது. மறு வருஷம் காசநோயில் இறந்தார், வயது முப்பத்துநாலு. நம் ஆளும் காசநோயில்தான் போனார். 1948 ஜூன் 30, திருவனந்தபுரத்தில், நாற்பத்திரண்டு வயதில்.

புதுமைப்பித்தனிடம் நாடாக்கள் இன்னும் அதிகம். திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் வீட்டுப் பேச்சு ஒரு பக்கம். கம்பனையும் சித்தர்களையும் படித்த பண்டிதத் தமிழ் ஒரு பக்கம். மெட்ராஸ் ஆபீஸ் இங்கிலீஷ் இன்னொரு பக்கம். ஒரே பத்தியில் மூன்றும் ஓடும். பண்டிதத் தமிழில் கம்பீரமாக ஆரம்பிக்கிற வாக்கியம், பாதியில் திருநெல்வேலிப் பேச்சில் கால் இடறி விழும். அந்த விழுதலில்தான் கிண்டல் பிறக்கிறது. மொழிபெயர்ப்பில் அவரைப் படிப்பவர்களுக்குப் பாதி ருசிதான் கிடைக்கும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுவே. கதை போய்ச் சேர்ந்துவிடும், குரல் சேராது.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் தொடக்கத்தைத் தம்பிக்குச் சொன்னேன். மேலகரம் மே.க.ரா. கந்தசாமிப் பிள்ளை பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் முனையில் நின்று ஒரு பெரிய சிக்கலை யோசித்துக்கொண்டிருக்கிறார். டிராமில் போனால் வெற்றிலை பாக்குக்குக் காசு மிஞ்சும். பஸ்ஸில் ஏறி, சென்ட்ரல் தாண்டும்வரை கண்டக்டரை ஏமாற்றிவிட்டுப் பிறகு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காபிக்கு வழியுண்டு, ஆனால் வெற்றிலை கிடையாது. இப்படி அணா பைசாக் கணக்கில் ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் தெரிந்துவிடுகிறது. சம்பளம் இவ்வளவு, வீட்டில் இத்தனை பேர், ஏழ்மையில் வாடினார் என்றெல்லாம் எழுதவே இல்லை. மனசில் ஓடுகிற கணக்கைக் கேட்க வைத்தார், போதும். மேல்நாட்டு விமரிசகர்கள் அகமொழி, நனவோட்டம் என்று பெரிய பெயர் வைத்து விளக்குகிற சரக்கு, நம்மிடம் வெற்றிலைக்கும் காபிக்கும் நடுவே ஊசலாடுகிறது.

அந்த நேரத்தில்தான் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். ஆச்சரியம் என்ன தெரியுமா? கந்தசாமிப் பிள்ளைக்கு அதிர்ச்சியே இல்லை. ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்க் காபி சொல்கிறார். கடவுள் அதைக் குடித்துவிட்டுத் தெய்வீக லீலை என்று பரவசப்பட, பிள்ளை அது ஹோட்டல்காரன் கலந்த சிக்கரி என்று திருத்துகிறார். தான் நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளிடம் ஜீவிய சந்தாவும் கேட்கிறார்.

"சாமி கும்பிடுறவங்க கோவிச்சுக்கல?" என்று கேட்டார் அப்பா. காஞ்சிபுரத்துக்காரர், கேட்கத்தான் செய்வார்.

கதை வந்தது 1943இல், 'கலைமகள்' பத்திரிகையில். மரபான தமிழ் இலக்கியத்துக்குப் பேர்போன பத்திரிகை அது. நம் ஊர் சாமிகள் மனிதரோடு புழங்குவது புதிதா என்ன? திருமழிசையாழ்வார் ஊரைவிட்டுக் கிளம்பியதும் பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போன கதையும், அவர்கள் ராத்தங்கிய ஊர் இந்த ஓரிக்கைதான் என்பதும் அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பக்தனுக்காகக் கடவுள் நடப்பது புராணம். பக்தி இல்லாதவனோடு கடவுள் நடப்பது புதுமைப்பித்தன். ரிக்ஷாக் கூலியும் ஹோட்டல் பில்லும் கடவுள் தலையில் விழுகிற உலகத்தில், வரம் கொடுக்கிற ஆள் எப்படித் தாக்குப்பிடிப்பார் என்று பார்க்கிறது கதை. தாக்குப்பிடிக்கவில்லை. சந்தாவைக் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

இந்தக் கதையை எல்லோரும் நகைச்சுவைக் கதை என்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. கந்தசாமிப் பிள்ளையின் சின்னப் பெண் குழந்தை கடவுளோடு விளையாடுகிற இடம் வரும். அங்கே கிண்டல் சட்டென்று நின்றுபோகும். யாரையும் நம்பாத ஆசிரியர் குழந்தையை நம்புகிறார். படிக்கிறவர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அடுத்தது காலத்தைப் புரட்டும் வித்தை. 'செல்லம்மாள்' கதையில் முதல் வரியிலேயே செல்லம்மாள் இறந்துவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய வாழ்வு. கணவர் பிரமநாயகம் பிள்ளை பட்டணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். நோயாளி மனைவிக்குக் கஷாயம் போட்டு, சமைத்து வைத்துவிட்டு, நெடுந்தூரம் நடந்து வேலைக்குப் போகிறவர். கடையிலிருந்து அவளுக்காகச் சேலை கொண்டுவந்து காட்டுகிற இடம் வருகிறது. மற்றக் கதையாக இருந்தால் அங்கே நமக்கு நம்பிக்கை துளிர்க்கும், பிழைத்துவிடுவாளோ என்று மனசு அடித்துக்கொள்ளும். முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிவிட்டதால் அந்த ஆசைக்கு வழியே இல்லை. என்ன ஆகும் என்ற கேள்வி போய்விட்டது. அந்தச் சேலையை அவள் எப்படித் தொட்டுப் பார்த்தாள் என்பது மட்டும்தான் மிச்சம். கண்ணீர்க் கதையைக் கண்ணீர் இல்லாமல் சொல்ல அவர் கண்டுபிடித்த வழி இது. பிணத்தின் முகத்தில் உட்கார வருகிற ஈயை விசிறியால் ஓட்டிக்கொண்டே இருக்கிறார் பிள்ளை. அழுதார் என்று எழுதுவதைவிட இது எத்தனை மடங்கு கனமானது என்று தனியாக உட்கார்ந்து படித்தால் தெரியும். என் கணக்கில் தமிழ்ச் சிறுகதையின் உச்சம் இது. வேறு யாரும் வேறு கதையைச் சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன், ஆனால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவும் மாட்டேன்.

'ஒருநாள் கழிந்தது' இன்னொரு துணிச்சல். எழுத்தாளர் முருகதாசர் வீட்டில் ஒரு நாள். மனைவி, சுட்டிக் குழந்தை, கடை பாக்கி, கடன் கேட்க நண்பர்கள், அவ்வளவே. பிரச்சினை தீரவில்லை, இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போகிறது. 'ஒண்ணுமே நடக்கல' என்று தம்பி ஈவ்லினைப் பற்றிச் சொன்ன புகாரை, புதுமைப்பித்தன் கதைக்குத் தலைப்பாகவே வைத்துவிட்டார் என்று சொல்லலாம்.

அப்பா குறுக்கிட்டார். "அண்ணா எழுதின 'செவ்வாழை' படிச்சிருக்கேன் சார். அதுல எல்லாம் நடக்கும். படிச்சா ரத்தம் கொதிக்கும்."

சரியான இடத்தில் கேட்டார். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலிருந்தே 1942இல் 'திராவிட நாடு' இதழை ஆரம்பித்தவர் அண்ணா. புதுமைப்பித்தனுக்கு மூன்று வயது இளையவர். 'செவ்வாழை'யில் செங்கோடன் பிள்ளைகளுக்காகப் பார்த்துப் பார்த்து வளர்த்த வாழைக்குலை பண்ணையார் வீட்டுக்குப் போய்விடுகிறது. குழந்தைகள் ஏங்கி நிற்கிறார்கள். படிப்பவனுக்கு யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் துளிச் சந்தேகமும் வராது. வரக்கூடாது என்றுதான் எழுதினார். கதை முடிந்ததும் வாசகன் எழுந்து ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவருடைய தேவை. மேடையில் நின்று பேசுகிறவரின் கலை அது. கை தேர்ந்த கலை.

புதுமைப்பித்தனுக்கு வாசகன் எழுந்து நிற்பது வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்தில் நெளிந்தால் போதும். 'பொன்னகர'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1934இல் 'மணிக்கொடி' பத்திரிகையில் வந்த இரண்டு மூன்று பக்கக் கதை. பட்டணத்தின் சந்து ஒன்றை, ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டியைப்போல மிடுக்காகக் காட்டிக்கொண்டு போகிறார். அம்மாளு மில் கூலி. ஜட்கா ஓட்டுகிற புருஷன் அடிபட்டுக் கிடக்கிறான், அவனுக்குப் பால்கஞ்சி வேண்டும். இருட்டில் ஒருவனோடு போய் முக்கால் ரூபாய் சம்பாதித்து வருகிறாள். அந்தச் சம்பவத்துக்கு அவர் செலவழித்தது ஓரிரு வரிகள்தான். சந்தின் சாக்கடைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் கொடுத்த இடம் அதைவிட அதிகம். அளவுகளைத் தலைகீழாக்குவது அவருடைய பழக்கம். எதை நாம் பெரிதாக எதிர்பார்க்கிறோமோ அதை விரல்நுனியால் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஆனால் அந்தக் கதையின் கடைசியில் கற்பு பேசுகிறவர்களை நேராகப் பார்த்து ஒரு குத்து விடுகிறார். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த இடத்தைத்தான். எனக்கு அது தேவையற்ற வரியாகவே படுகிறது. முக்கால் ரூபாயிலேயே கதை முடிந்துவிட்டது. அந்தக் குத்தில் புதுமைப்பித்தன் அண்ணாவின் மேடைக்கு ஏறிவிடுகிறார், அங்கே அண்ணா அளவுக்கு அவருக்கு வராது. பத்து வருஷம் கழித்து எழுதிய கதைகளில் இந்தக் குத்து கிடையாது. உத்தி முதிர்ந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

முதிர்ந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் வசதி இருக்கிறது. ஒரே அகலிகையை இரண்டு முறை எழுதியிருக்கிறார். மணிக்கொடிக் காலத்து 'அகல்யை' ஒன்று, 1943இல் எழுதிய 'சாப விமோசனம்' மற்றொன்று. பின்னதில் கதை, ராமாயணம் முடிக்கிற இடத்தில் ஆரம்பிக்கிறது. கல் பெண்ணாகிவிட்டது. சரி, மறுநாள் காலையில் அவள் என்ன செய்வாள்? ஊர்க்காரர் கண்ணை எப்படிப் பார்ப்பாள்? மன்னித்துவிட்ட கௌதமனோடு ஒரே குடிசையில் எப்படிப் பேசுவாள்? வருஷங்களைச் சட்டுச் சட்டென்று தாண்டி, சின்னச் சின்னக் காட்சிகளாக நறுக்கி வைக்கிறார். ஒருநாள் சீதை வந்து, தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதை உரையாடலின் நடுவே சொல்கிறாள். தனக்கு மன்னிப்புக் கொடுத்த ராமனா மனைவியிடம் அப்படிக் கேட்டான்? அகலிகையால் தாங்க முடியவில்லை. மறுபடி கல்லாகிவிடுகிறாள்.

இதில் வால்மீகியைத் திட்டவில்லை, ராமனைத் திட்டவில்லை, கோஷமும் போடவில்லை. இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேச விட்டார். ஒரே ராமனைப் பற்றி இரண்டு பேருக்கும் இரண்டு அனுபவம். அவை அருகருகே வந்ததும் தானாகவே பற்றிக்கொண்டது. ராமாயணம் தெரிந்தவர்களுக்குக் கதை பிடிக்காமல் போகலாம், அதைத் தான் பொருட்படுத்தவில்லை என்ற பொருளில் முகப்பில் ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். ஜாய்ஸ் 1922இல் கிரேக்க காவியத்தை டப்ளின் தெருவுக்கு இறக்கி 'யுலிசஸ்' எழுதினார். இவர் காவியத்துக்குள்ளேயே நவீன மனசை ஏற்றினார். வரதராஜர் கோவில் தூணில் ராமாயணச் சிற்பத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இரண்டாவது வழி சீக்கிரம் புரியும்.

மற்ற சோதனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'கட்டில் பேசுகிறது' கதையில் ஆஸ்பத்திரிக் கட்டில் தன்மேல் படுத்துச் செத்தவர்களைப் பற்றிப் பேசும். உல்ஃப் 1919இல் எழுதிய 'கியூ கார்டன்ஸ்' கதையில் பூப்பாத்தி நத்தைக்கு மனிதர்களுக்குச் சமமான இடம் கொடுத்தது இதற்குத் தூரத்து உறவு. 'காஞ்சனை' பேய்க் கதை, ஆனால் பேய் இருந்ததா, கதைசொல்லியின் தூக்கங்கெட்ட மூளையா என்று கடைசிவரை தெரியாது. சொல்கிறவனையே நம்ப முடியாதபடி செய்துவிடுகிறார். கடைசிக் காலத்துக் 'கயிற்றரவு' எல்லாவற்றையும்விடக் கடினம். பரமசிவம் பிள்ளை என்ற ஆளின் பிறப்பும் இறப்பும் காலமும் ஒன்றுக்குள் ஒன்று சுழல்கிறது. முதல் வாசிப்பில் தலை சுற்றினால் பயப்பட வேண்டாம்.

இவ்வளவையும் புதுமைப்பித்தன் வசதியாக உட்கார்ந்து செய்யவில்லை என்பதையும் தம்பிக்குச் சொன்னேன். சொ. விருத்தாசலம் என்பது இயற்பெயர். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார், பூர்வீகம் திருநெல்வேலி. அப்பா தாசில்தார். மகன் பி.ஏ. முடித்துவிட்டு எழுத்தை நம்பிப் பட்டணம் வந்தார். 'மணிக்கொடி' 1933இல் தொடங்கிய பத்திரிகை. 1935க்குப் பிறகு பி.எஸ். ராமையா கையில் அது சிறுகதைக்கென்றே நடந்தது. மௌனியும் அதில்தான் எழுத வந்தார். பணம் கிடையாது. பிழைப்புக்குத் 'தினமணி', பிறகு 'தினசரி', பிறகு சினிமா. கிட்டத்தட்ட நூறு கதை எழுதினார். எல்லாம் நல்ல கதை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொடக்கத்துக் கதைகள் சில மாப்பசானின் தழுவல் என்பதைப் பிற்பாடு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

இன்னொன்றும் உண்டு. அவர் பிறந்த சாதியின் பார்வை சில கதைகளில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றிய 'துன்பக் கேணி'யும், 'பொன்னகர'மும் 2014இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டன. எடுத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. குறையைச் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்த ஆசிரியர்கள் இருக்கும்போது, கதையை ஒளித்துவைப்பதால் மாணவருக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் புண்பட்டவர்கள் கேட்டது வீண் கேள்வியும் இல்லை. எல்லோரையும் சந்தேகித்த கதைசொல்லி தன் தெருவைப் போதுமான அளவு சந்தேகித்தாரா என்பது நியாயமான கேள்விதான்.

டீ கிளாஸை வைத்துவிட்டுத் தம்பி கேட்டான்: "அப்போ பரீட்சையில ஈவ்லினுக்கு என்ன எழுதறது சார்?"

நடக்காததைப் பற்றி எழுதச் சொன்னேன். சொல்லாமல் விட்ட காரணம் எது, எந்த வரியில் கதைசொல்லியின் பேச்சு அவளுடைய பேச்சாக மாறுகிறது, அவளைப் பற்றி நாம் ஒரு முடிவுக்கு வராதபடி ஜாய்ஸ் எங்கெங்கே கதவைச் சாத்துகிறார் என்று வரியைக் காட்டி எழுதினால் நாலு பக்கம் போதாது. கையெழுத்து மட்டும் புரிகிறபடி இருக்கட்டும் என்றார் அப்பா.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. புதுமைப்பித்தன் எழுத்துகளைத் தமிழக அரசு 2002இல் நாட்டுடைமையாக்கிவிட்டது. மலிவுப் பதிப்பும் உண்டு, ஆ. இரா. வேங்கடாசலபதி பாடம் ஒப்பிட்டுப் பதிப்பித்த காலச்சுவடு தொகுப்பும் உண்டு. நூலகத்தில் கேட்டால் கிடைக்கும். 'மனித யந்திர'த்தில் ஆரம்பியுங்கள், அடுத்தது 'செல்லம்மாள்', பிறகு 'சாப விமோசனம்'. 'கயிற்றரவு' கடைசியில் இருக்கட்டும்.